டிரிம்மிங், பியர்சிங்குக்கு விலை போடுவது எப்படி? ஒரு கவரை வைத்துக் கணக்கு

பிரஸ் ஷாப்பில் புதிதாகக் கோட்டேஷன் போடுகிறவர்கள் ‘ஒரு அடிக்கு (பிரஸ் ஒரு முறை இறங்கி அடிப்பதற்கு) இவ்வளவு’ என்று விலை சொல்லிவிடுவார்கள். டிரா ஆகி (தகட்டை அழுத்திக் குழிவாக இழுத்து) வந்த பீஸின் ஓரத்தை வெட்டி (டிரிம்மிங்) ஓட்டை போடும் (பியர்சிங்) வேலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கீழே உள்ள மணி ரேட்டும் டை (பிரஸ்ஸில் மாட்டும் வெட்டு அச்சு) விலையும் கணக்குக்காக வைத்தவை. அந்த இடங்களில் உங்கள் ஷாப் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பீஸ்: 1.2 மி.மீ. சிஆர்சிஏ (குளிர்நிலையில் உருட்டிய எஃகு) தகட்டில் டிரா செய்த கவர். டிரிம் ஆன பிறகு அளவு 200 × 120 மி.மீ., மூலை ரேடியஸ் 10. மேல் முகத்தில் 8 மி.மீ. ஓட்டை நான்கு, 30 மி.மீ. ஓட்டை ஒன்று. சுற்றிலும் 12 மி.மீ. டிரிம் அலவன்ஸ் (வெட்டி எறிய விட்ட ஓரம்).

1. வெட்டும் நீளம்

வெளிச்சுற்று 623 மி.மீ. ஐந்து ஓட்டைகளின் சுற்றளவு மொத்தம் 195. இதோடு நிறுத்தினால் தப்பு. வெட்டிய ஓரம் வளையமாக டிரிம் போஸ்ட்டை (டையில் பீஸ் உட்காரும் கட்டை) சுற்றி மாட்டிக்கொள்ளும். அதைத் துண்டாக்க ஸ்கிராப் கட்டர் வேண்டும். நான்கு கட்டர், ஒவ்வொன்றும் 12 மி.மீ. வெட்டினால் இன்னும் 48. ஆக மொத்தம் 866 மி.மீ.

2. எத்தனை டன் பிரஸ்

நீளம் × தடிமன் × ஷியர் வலிமை (வெட்டுப்படாமல் தகடு தாங்கும் அளவு). டிரா கிரேடு சிஆர்சிஏவுக்கு 300 நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்தால் போதும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 500-ஐ ஒட்டி எடுங்கள்.

866 × 1.2 × 300 = 3,11,760 நியூட்டன். ஒரு டன் 9,810 நியூட்டன்; அதால் வகுத்தால் 31.8 டன். ஸ்டிரிப்பிங்குக்கு (வெட்டிய தகட்டைப் பஞ்சிலிருந்து கழற்றும் விசை) 15% சேர்த்தால் 36.5. பிரஸ்ஸை அதன் திறனில் 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றால் 52 டன் தேவை.

ஸ்கிராப் கட்டரை விட்டுவிட்டுப் போட்டால் இதே கணக்கு 49 டன்னில் நிற்கும்; 50 டன் பிரஸ்ஸுக்கு விலை சொல்லிவிட்டு, வேலையை 75 டன்னில் ஓட்ட வேண்டி வரும். கட்டர்கள் டிரிம் விளிம்புக்குக் கீழே இருப்பதால் சற்றுப் பிந்தித்தான் வெட்டும், ஓட்டை போடும் சிறிய பஞ்சுகளையும் ஒரு தகட்டுத் தடிமன் அளவு குட்டையாக வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் விலை போடும்போது எல்லாவற்றையும் கூட்டியே போடுங்கள். அந்த மிச்சம் டை வடிவமைப்பவருக்குக் கையிருப்பு.

3. ஒரே டையா, இரண்டா

டிரிம்மிங், பியர்சிங் இரண்டையும் ஒரே அடியில் செய்யும் டையில், கவர் உட்காரும் போஸ்ட்தான் ஓட்டைகளுக்கு டையும் ஆகிறது. ஓட்டைக்கும் டிரிம் விளிம்புக்கும் நடுவே போஸ்ட்டில் எஃகு மெலிந்தால் விரிசல் விடும். அப்படி ஓட்டை ஓரத்தை ஒட்டி வந்தால் பியர்சிங்கைத் தனி டைக்குத் தள்ளுங்கள். ஓட்டை விட்டம் தகட்டுத் தடிமனைவிடச் சிறியதாக இருந்தால் பஞ்ச் உடையும். சாதாரண பஞ்சை வைத்து விலை சொல்லாதீர்கள். பக்கச் சுவரில் ஓட்டை கேட்டால் கேம் யூனிட் (பிரஸ்ஸின் இறக்கத்தைப் பக்கவாட்டு அசைவாக மாற்றுவது) வேண்டும். மேல் முகத்தில் ஓட்டை கூடினால் பஞ்சும் புஷ்ஷும்தான் (பஞ்ச் இறங்கும் வளையம்) கூடும். சுவரில் கூடினால் டையின் விலையே வேறு.

4. பீஸுக்கு எவ்வளவு

பிரஸ் நிமிடத்துக்கு 45 அடி அடிக்கும் என்று கேட்டலாக்கில் இருக்கும். கையால் வைத்து எடுக்கும் வேலையில் அது உதவாது. நிமிடத்துக்கு 7 பீஸ், 80% திறன் என்றால் மணிக்கு 336.

75 டன் பிரஸ் ஆளோடு சேர்த்து மணிக்கு ரூ.600: பீஸுக்கு ரூ.1.79.
டை ஏற்ற 45 நிமிடம், லாட் (ஒரு தடவை டை ஏற்றி ஓட்டும் பீஸ்) 2,000: ரூ.0.23. (லாட் 200 ஆனால் இதுவே ரூ.2.25, கேட்காமல் விலை சொல்லாதீர்கள்.)
டை ரூ.2,40,000, ஆயுள் 2 லட்சம் பீஸ்: ரூ.1.20. டைக்குக் கஸ்டமர் பணம் கொடுத்தால் இந்த வரி போகும்.
25,000 பீஸுக்கு ஒரு முறை சாணை, ரூ.3,000: ரூ.0.12.

மொத்தம் ரூ.3.34. லாபம், பேக்கிங், வண்டி வாடகை இதில் இல்லை.

5. ஸ்கிராப் யாருக்கு

டிரிம் வளையம் சுமார் 75 கிராம், ஓட்டைத் துண்டுகள் 8 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பீஸுக்கு 83 கிராம். ஸ்கிராப் கிலோ ரூ.30-க்குப் போனால் ரூ.2.49. வேலைக்கான செலவில் முக்கால் பங்கு தரையில் கிடக்கிறது! தகடு கஸ்டமருடையது என்றால் ஸ்கிராப்பும் பெரும்பாலும் அவருக்கே போகும். யாருக்கு என்பதைக் கோட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பேசினால் சண்டைதான்.

6. பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிர்) எவ்வளவு

கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி) ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 8%, அதாவது இங்கே 0.06 முதல் 0.10 மி.மீ. கூடினால் பர் ஏறும், குறைந்தால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். வரைபடத்தில் பர் 0.1 மி.மீ.க்குள் என்று இருந்தால் 25,000 வரை காத்திருக்க முடியாது. 12,500-க்கே சாணை பிடித்தால் 12 பைசா 24 பைசா ஆகும். ஒவ்வொரு சாணைக்கும் 0.25 மி.மீ. போனால், 2 லட்சம் பீஸுக்குள் 16 சாணை, 4 மி.மீ. தேய்மானம். டையில் லேண்ட் (வெட்டு விளிம்புக்குக் கீழே சாணை பிடிக்க இருக்கும் நேரான பகுதி) அதைவிடக் குறைவாக இருந்தால் நடுவே இன்சர்ட் (கழற்றி மாற்றும் வெட்டுத் துண்டு) மாற்ற வேண்டும். அந்த விலையையும் டை வரியில் சேருங்கள். அடிக்கடி சாணை பிடிப்பதைத் தவிர்க்க ஆள் வைத்து ஒவ்வொரு பீஸாக அரம் போட்டால், பீஸுக்கு 50 பைசாவாவது போய்விடும்.