அம்பைத் தொடுமுன் நாணைத் தடவிப் பாருங்கள்

எங்கள் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் வில்லைத் துடைப்பார்கள், அம்புகளை எண்ணி அடுக்குவார்கள். நாணை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது பொறுக்காது. வளைந்த வில்லின் விசையை அம்பிடம் கொண்டுசேர்ப்பதே அந்தக் கயிறுதான். அரைஞாண், மங்கலநாண், கணக்குப் பாடத்தில் வட்டத்துக்குள் வரையும் நாண் எல்லாம் இந்தச் சொல்தான். வட்டவில்லின் இரு முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், நாணேற்றிய வில்லேதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? மேல் வளையத்திலிருந்து கீழ் வளையம்வரை இரண்டு விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். பஞ்சுபோல் பிசிர் தட்டுப்பட்டால் மெழுகு கேட்கிறது என்று அர்த்தம். நாணுக்கென்று விற்கும் மெழுகைத் தேய்த்து, விரல் சுடும்வரை உருவிவிடுங்கள். அந்தச் சூட்டில்தான் மெழுகு இழைகளுக்குள் இறங்கும். நடுவில் நூல் சுற்றிய இடத்துக்கு மெழுகு வேண்டாம். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த நாணைக் கழற்றிவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அப்புறம், கைப்பிடியின் உள்பள்ளத்திலிருந்து நாண்வரை அளந்து பாருங்கள். 68 அங்குல ரீகர்வ் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த) வில்லுக்குப் பெரும்பாலும் எட்டரை முதல் 9 அங்குலம் இருக்கும். குறைந்திருந்தால் ஒரு முனையைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியுள்ள பக்கமாகவே இன்னும் சில முறுக்கு கொடுங்கள். நாண் குறுகும், இடைவெளி கூடும். அளவு பிசகினால் நாணொலியும் மாறும். பழகிய காது அதைப் பிடித்துவிடும்.

மர வில் வைத்திருப்பவர்கள் டேக்ரான் என்ற பாலியஸ்டர் இழையில் செய்த நாணே போடுங்கள். அது கொஞ்சம் நீண்டுகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அம்பு வேகமாகப் போகட்டும் என்று நீளாத நாண் ஒன்றை என் முதல் மர வில்லில் மாட்டினேன். மூன்றாம் நாள் மேல் நுனியில், நாண் உட்காரும் பள்ளத்தில், தலைமுடி அளவுக்கு விரிசல். நகத்தால் நெருடியபோதுதான் தெரிந்தது. அந்த வில்லை மறுபடி வளைக்கவே இல்லை.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்போடு போகவேண்டிய விசை அத்தனையும் வில்லையே அடிக்கும்.

பையில் மாற்று நாண் ஒன்று இருக்கட்டும். புதிதாக அப்படியே வைக்காமல், ஐம்பது அறுபது அம்பு விட்டு இழுபடவைத்து, அம்பு பொருத்தும் இடத்தையும் குறித்து வையுங்கள். போட்டி நடுவே நாண் அறுந்தால், மாட்டியதும் அடுத்த அம்பை விடலாம்.