கோவில் மலரிலிருந்து தொடங்கலாம்: தோட்டப்புற ஊரில் ஃப்ரீலான்ஸ் எழுத்து வேலை

"சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே எழுதிப் பிழைக்க முடியுமா அக்கா? கோலாலம்பூருக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். அவர் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக் கிராணியின், அதாவது எழுத்தரின், மகள். தமிழ் நன்றாக வரும், மலாயும் நன்றாக வரும். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முடியும். ஆனால் கதை, கவிதையின் சன்மானத்தை நம்பி இறங்காதீர்கள். அவற்றை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் மாத வாடகை அதிலிருந்து வராது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோனது. நம் ஊர்களில் எழுத்துக்குக் காசு புழங்கும் இடம் வேறு: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் பொன்விழா மலர், பெரியவர்களின் நினைவு நூல். வருடம் முழுக்க யாராவது ஒருவர் மலர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதைத் திருத்தித் தர ஆள் கிடைப்பதில்லை. அதனால் முதல் வேலையாகப் பிழை திருத்தத்தைப் பிடியுங்கள். எழுதும் வேலையும் பட்டறையும் அதன் வழியாகவே வரும்.

படி 1: கருவிகள்

இதற்கு அதிகம் வேண்டாம். ஒரு மடிக்கணினி, யூனிகோட் தட்டச்சு, அவ்வளவுதான். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கணினிக்கும், செல்லினம் கைப்பேசிக்கும் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைகள் இன்னும் வரும். திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தபின், மூலத்தோடு ஒரு முறை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

படி 2: திருத்திப் பழகுங்கள்

ஒரு பெரியவர் ரப்பர் தோட்டத்தில் கழிந்த தன் சிறுவயதைப் பற்றி எழுதித் தந்தது இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

"காலை 5 மணிக்கு பெரட்டுக்கு போவோம் தண்டல் பெயர் கூப்பிடுவார் அப்பா பால் வெட்ட போவார் நான் மங்கு துடைக்க போவேன் மழை வந்தால் அன்னைக்கு சம்பளம் இல்லை."

நான் திருத்தினால்:

"காலை 5 மணிக்குப் பெரட்டுக்குப் போவோம். தண்டல் பெயர் கூப்பிடுவார். அப்பா பால் வெட்டப் போவார். நான் மங்கு துடைக்கப் போவேன். மழை வந்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை."

சேர்த்தது ஐந்து ஒற்று, நான்கு முற்றுப்புள்ளி. மாற்றிய சொல் ஒன்றே ஒன்று: அன்னைக்கு. புதிதாக வருபவர்களுக்கு இங்கேதான் கை துறுதுறுக்கும். பெரட்டை "வருகைப் பதிவு" என்றும், மங்கை "பால் கிண்ணம்" என்றும் மாற்றிவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு, தண்டல் (மேற்பார்வையாளர்), மங்கு, ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் நூறு வருடத் தோட்ட வாழ்க்கை நமக்குத் தந்த சொற்கள். அகராதியில் இல்லை என்பதற்காக நாமே அழித்துவிட்டால் அப்புறம் அவை எங்கேயும் இருக்காது. இளம் வாசகருக்குப் புரியாது என்று தோன்றினால் நூலின் கடைசியில் சொற்பட்டியல் ஒன்று போடலாம்.

திருத்தம் என்பது ஒற்றோடு முடிவதில்லை. ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். நான் திருத்திய ஒரு கட்டுரையில், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சுதந்திர வருடமான 1957-இல் தொடங்கியதாக இருந்தது. அது 1960. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று அமைத்தது. அவர் பிறந்த இந்தச் சுங்கை சிப்புட்டிலேயே அச்சாகும் மலரில் அது தப்பாக வரக்கூடாது இல்லையா? அதேபோல, பெரியவர்களின் நினைவில் ஜப்பான்காரன் காலமும் அவசரகாலமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்ட்களால் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது 1948 ஜூனில். ஜப்பானியர் 1945-இலேயே போய்விட்டார்கள். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே மாற்றாமல், ஓரத்தில் குறித்து எழுதியவரிடம் கேளுங்கள். "ஐயா, இது ஜப்பான்காரன் காலமா, அதற்குப் பிறகா?" என்று கேட்டால் பெரும்பாலும் இன்னும் இரண்டு பக்கத்துக்குக் கதை கிடைக்கும்.

படி 3: விலையை முதலிலேயே பேசுங்கள்

என் முதல் மலர் 90 பக்கம். மூன்று வாரம் இரவும் பகலும் உட்கார்ந்தேன். காசைப் பற்றிக் கேட்டபோது "பார்த்துச் செய்யலாம்மா" என்றார்கள். விழா மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டினார்கள். மனசு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன். அந்த மாத வாடகையை அண்ணனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இது காசு கொடுக்க வேண்டிய வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது இது. முதலில் ஐந்து பக்கம் வாங்கித் திருத்திப் பார்ப்பேன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. ஓர் உதாரணக் கணக்கு: ஐந்து பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனால், 80 பக்கத்துக்கு 40 மணி நேரம். மணிக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 1,000 வெள்ளி. இந்தக் கணக்கை அப்படியே காட்டினால் கோவில் தலைவரும் ஒத்துக்கொள்வார். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் "அவ்வளவா?" என்பார்.

பிறகு ஒரு பக்கத்தில் கடிதம். வழக்கறிஞர் எல்லாம் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் (நான் இரண்டு முறை என்று எழுதுவேன்), எந்தத் தேதிக்குள், எவ்வளவு, முன்பணம் பாதி. வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருந்தாலும் கடிதத்தை பிடிஎஃப் ஆக அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே எழுதித் தரும் வேலையாக இருந்தால் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லி எழுதிக் கொடுத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கே போய்விடும். பலருக்கு இது தெரியாது. அந்தக் கட்டுரையைப் பின்னால் உங்கள் தொகுப்பில் சேர்க்க ஆசை இருந்தால், உரிமை உங்களுடையது என்றும் மலரில் ஒரு முறை வெளியிட அனுமதி தருகிறீர்கள் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் வரவே இல்லையென்றால்? இரண்டு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள். அதற்குமேல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வழக்குப் போடலாம். அப்போது அந்த ஒரு பக்கக் கடிதம்தான் கையில் இருக்கும்.

படி 4: பதிவும் வரியும்

சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும். அடையாள அட்டைப் பெயரிலேயே பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே முடித்துவிடலாம். வருமான வரிக்கு பி படிவம், கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள். முதலாளி இல்லாததால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தானாகச் சேராது. அதன் ஐ-சாரான் என்னும் சுயதொழிலாளர் திட்டத்தில் நீங்களே போடலாம். சுயதொழில் செய்பவர்களுக்குச் சொக்சோவிலும் (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) திட்டம் உண்டு.

நினைவு நூல் வேலை எடுத்தால் ஐஎஸ்பிஎன் எண்ணையும் (நூலின் அடையாள எண்) நீங்களே வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள். தேசிய நூலகம் அதை இலவசமாகத் தருகிறது. அச்சானதும் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். இதைச் செய்துகொடுத்தாலே குடும்பத்தார் உங்களை இன்னொருவரிடம் சொல்வார்கள்.

படி 5: பட்டறை

2021-இல் யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுத் தேர்வு) நிறுத்தப்படும்வரை தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரைப் பட்டறை என்றாலே தேர்வுப் பட்டறைதான். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. பிள்ளைகளை உண்மையிலேயே எழுதவைக்க நமக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் மலர் திருத்திக் கொடுத்த பள்ளியிலேயே முதலில் கேளுங்கள். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம், கட்டணம். பணம் பள்ளிக் கணக்கிலிருந்து வருமா, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்வாய்ஸை யார் பெயருக்கு எழுதுவது என்பது அதைப் பொறுத்தது. நிறுவனங்களுக்குப் பயிற்சி நடத்துவது வேறு வழி. எச்ஆர்டி கார்ப் (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) நிதியில் அவர்கள் செலவைக் கோர வேண்டுமானால் நீங்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநராக இருக்க வேண்டும். அதை இரண்டாம் வருடம் பார்க்கலாம்.

முதல் பட்டறைக்கு 20 பிள்ளைகள், இரண்டு மணி நேரம் போதும். நான் ஒரு பழைய பீங்கான் மங்கு கொண்டுபோவேன். செம்பனைக் காட்டுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள், ரப்பர் மங்கைப் பார்த்ததே இல்லை. கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கட்டும். பிறகு ஐந்து வரி எழுதச் சொல்வேன். "அழகு" என்ற சொல் வரக்கூடாது, அது ஒன்றுதான் விதி. முதல் ஐந்து நிமிடம் யாரும் எழுதமாட்டார்கள். பயந்துபோய் நீங்கள் பேசத் தொடங்கிவிடாதீர்கள், காத்திருங்கள். ஒரு முறை கடைசி வரிசைப் பையன் மங்கைக் கவிழ்த்துத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளே வழவழ, அடியில் மட்டும் சொரசொர, யாரோ இதைத் தரையில் நிறைய தடவை வைத்திருக்கிறார்கள்" என்று எழுதினான். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, மீதி ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

பிள்ளைகள் எழுதிய தாள்களைத் திருத்தி ஒரு வாரத்துக்குள் பள்ளிக்குத் திருப்பிக் கொடுங்கள். படம் எடுத்துப் போடுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். இன்வாய்ஸை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், பட்டறை முடிந்த அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.