பழைய வெல்டிங் கொகிள்ஸ்: கழற்றித் துடைத்துப் பூட்டும் முறை

கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்துப் பழைய இரும்புக் குவியல்களில் வட்டக் கண்ணாடி பூட்டிய காஸ் வெல்டிங் கொகிள்ஸ் கண்ணில் பட்டால், விலை பேச முன் மணந்து பாருங்கள். கண்கிண்ணத்தை விரலால் சூடேற உரசுங்கள். கர்ப்பூர மணம் வந்தால் அது செலுலொயிட் என்ற பழைய பிளாஸ்ரிக். ஒரு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதை அலுமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், முகத்தில் போடக்கூடாது. பேக்கலைட் என்ற கடினமான பழைய பிளாஸ்ரிக் என்றால் சுடுநீர் பட்டதும் காபோலிக் நெடி அடிக்கும். அது நெருப்புக்குத் தாங்கும்.

அடுத்தது கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையம். கறள் பிடித்துச் சுற்ற வராது. குறட்டால் பிடித்தால் பேக்கலைட் விரிசல் விடும். உலோக வளையத்தின் புரியில் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள். பிறகு பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றைச் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்கள். கழன்று வரும் ஒழுங்கை மறக்கவேண்டாம்: வெளியே தெளிந்த கண்ணாடி, அதன் பின்னால் கறுப்புக் கண்ணாடி, பிறகு வாசர். மாறிப் பூட்டினால் விலை கூடிய கறுப்புக் கண்ணாடிதான் பொறி பட்டுப் புள்ளி விழும்.

தெளிந்த கண்ணாடியின் ஓரம் மஞ்சளித்து, உள்ளே குமிழி ஓடியிருந்தால் அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே செலுலொயிட் ஒட்டிய பழைய வகை. பிரான்சின் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. ஒட்டு விட்டதைத் திருத்த முடியாது, மாற்றுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 50 மி.மீ. வட்டக் கண்ணாடி பொருந்தும், ஆனாலும் அளந்து வாங்குவதே நல்லது.

கறுப்புக் கண்ணாடியில் வெட்டியிருக்கும், இருட்டின் அளவைக் காட்டும் நம்பரைப் பாருங்கள். காஸ் வெல்டிங்குக்கு அநேகமாக 5 போதும். கரண்ட் வெல்டிங்குக்கு 10க்குக் குறையக்கூடாது, முழுமுகக் கவசமும் வேண்டும். நம்பர் இல்லாத நிறக் கண்ணாடியை நம்பவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கதிரை எந்தக் கலவை தடுக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் குறூக்ஸ் 1913இல் சீரியம் முதலான உலோகங்களைக் கண்ணாடியில் கலந்து சோதித்தது, கண்ணாடி உருக்குபவர்களுக்கு வந்த கண்புரையால்தான். இருட்டு வேறு, தடுப்பு வேறு. கரண்ட் வெல்டிங்கின் ஆர்க் வெளிச்சம் பட்டால் வலி உடனே தெரியாது. ராவில்தான் கண்ணுக்குள் மணல் கொட்டினமாதிரி உறுத்தும்.

பக்கத் துளைகளைச் செம்மண் அடைத்திருக்கும். ஈர்க்கால் குத்தி எடுங்கள். அடைபட்டால் வியர்வை ஆவி நின்று கண்ணாடி மங்கும். கழுவ இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். தின்னர் படக்கூடாது. இலாஸ்ரிக் கட்டாயம் செத்திருக்கும். தையல் கடையில் 25 மி.மீ. அகலத்தில் வாங்கிப் போடுங்கள். வளையத்தைக் கையால் இறுக்கி, காதருகே ஆட்டுங்கள். கண்ணாடி கிலுங்கினால் வாசர் தேய்ந்துவிட்டது.