கேரலைன் ஷாவின் 'பார்ட்டிட்டா' பற்றிய விமர்சனங்களை எப்படி வாசிப்பது

முதலில் பாட்டைக் கேளுங்கள், விமர்சனம் அப்புறம். அமெரிக்க இசையமைப்பாளர் ஷாவின் 'எட்டுக் குரல்களுக்கான பார்ட்டிட்டா' அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பார்ட்டிட்டா என்றால் பல பகுதிகளைக் கோத்த இசைத்தொகுப்பு. வாத்தியம் கிடையாது. சர்ச் கொயரில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிற என் காது ராகத்தைத்தான் தேடும். இதுவோ பேச்சில் தொடங்குகிறது. இந்தப் பக்கம் போ, சுற்றி வா என்று ஆடுகிறவர்களை நகர்த்தும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சட்டென்று ஒரே கார்டாக, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டாக, விரிகின்றன. அந்த இடத்தைப் பற்றி விமர்சகர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அவர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பது பாதி தெரிந்துவிடும்.

அடுத்து தேதியைப் பாருங்கள். இதைப் பாடிய ரூம்ஃபுல் ஆஃப் டீத் என்ற குரலிசைக் குழுவின் ஒலிப்பதிவு வந்தது 2012 அக்டோபரில். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு. ஷாவுக்கு அப்போது 30 வயது, இசைக்கான அந்தப் பரிசை அவ்வளவு இளம் வயதில் யாரும் வாங்கியதில்லை. நான்கு பகுதிகளும் முழுதாக மேடையேறியதோ அதே ஆண்டு நவம்பரில்தான். ஆக, தொடக்கத்தில் வந்த பாராட்டு இசைத்தட்டுக்கு. புலிட்சர் நடுவர் குறிப்பு பெருமூச்சு, முணுமுணுப்பு, சொல்லில்லாத மெட்டு என்று ஒலிகளையே பெயர் சொல்லிக் காட்டுகிறது. நல்ல விமர்சனத்துக்கு எனக்கு அதுதான் அளவுகோல்.

மூன்றாம் பகுதியான 'கூராண்ட்' பற்றி வந்த கண்டனத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, மூச்சை இழுத்தும் விட்டும் தொண்டையால் பாடும் விளையாட்டு கடஜ்ஜாக். முதலில் சிரிப்பவர் தோற்றார். அந்த ஒலி இங்கே வருகிறது. இனுவிட் பாடகி டானியா டகாக் 2019இல் அந்த ஒலியை இங்கே எடுத்தாண்டதை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்த மரபுக்குள்ளிருந்து வந்த குரல் என்பதால், எந்தப் பத்திரிகைப் பாராட்டையும்விட அதற்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன். அதை வாசித்துவிட்டு மூன்றாம் பகுதியை மறுபடி கேளுங்கள்.

நடன விமர்சனங்களுக்கு வேறு கண் வேண்டும். அலமாண்ட், சாரபாண்ட், கூராண்ட், பாஸகாலியா என்ற நான்கு பெயர்களுமே பழைய ஐரோப்பிய நடனங்களிலிருந்து வந்தவை. 2022 ஜனவரியில் நியூயார்க் சிட்டி பாலேவுக்காக ஜஸ்டின் பெக் இதற்கு நடனம் அமைத்தார்: எட்டுக் குரலுக்கு எட்டு ஆட்டக்காரர்கள், காலில் ஸ்னீக்கர். உடல் எந்த இடத்தில் குரலோடு போகிறது, எங்கே விலகுகிறது என்று விமர்சகர் சொல்கிறாரா? சொல்லாவிட்டால், ஆட்டத்தைப் பற்றிய அவர் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இசைக்கு வேறொருவரைத் தேடுங்கள்.