மதிப்பெண் குறைந்தால் மறதி நோயா? மூளை ஆய்வை ஒரு நோயாளியிடம் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதிப் பரிசோதனைக்குக் குடியாத்தத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா என்னிடம் வந்திருந்தார். வயது 68. பள்ளிக்கூடம் போனதில்லை. கடிகாரம் வரையச் சொன்னால் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்றே தயங்கினார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவையே நின்றுவிட்டார். சரி என்று, "முப்பது கட்டு போட்டாச்சும்மா, ஆயிரம் பீடிக்கு இன்னும் எவ்வளவு?" என்றேன். கட்டுக்கு 25. "இருநூத்தம்பது" என்று பட்டென்று சொன்னார்.

பலரும் செய்யும் முதல் தவறு, மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மோகா (MoCA) பரிசோதனை 2005-இல் வெளியானது. 30-க்கு 26-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது அதன் கணக்கு. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். எழுதவே தெரியாதவருக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு?

ஆனால் நான் அதிகம் பயப்படுவது இதற்கு நேர் எதிரான தவறுக்குத்தான். "படிக்காதவங்க, அதான் குறைவு" என்று அனுப்பிவிடுகிறோம். பீடிக் கணக்கு ஐம்பது வருடப் பழக்கம். அப்படி ஊறிப்போன திறமை நோய் வந்த பிறகும் பல காலம் தாங்கும். அந்த அம்மாவின் மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான், ஆறு மாதமாகக் கேட்டதையே கேட்கிறார், கடையில் மீதிச் சில்லறை வாங்காமலே வந்துவிடுகிறார் என்று தெரிந்தது.

இதற்கு நம் ஊரே வழி காட்டியிருக்கிறது. 10/66 என்ற டிமென்ஷியா (மறதி நோய்) ஆய்வில் வேலூர் கிராமங்களும் இடம்பெற்றன. வளரும் நாடுகளில்தான் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு (66 சதவீதம்), ஆய்வுகளோ பத்து சதவீதம்கூட இல்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நோயாளியின் மதிப்பெண்ணோடு வீட்டாரின் பேச்சையும் சேர்த்தே அதில் முடிவெடுத்தார்கள்.

ஸ்கேனிலும் இதே கதைதான். அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்கு, நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சிறியது என்பது உண்மை. அது ஒரு கூட்டத்தின் சராசரி. நோயில்லாத முதியவர்களுக்கும் சுருங்கும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'சுருக்கம்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது.

காது கேட்கிறதா, கண்ணாடி கொண்டுவந்தாரா, தூங்கினாரா என்பதை முதலிலேயே கேளுங்கள். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு மூன்றும் மறதி போலவே வரும், மருந்துக்கும் கேட்கும். அந்த அம்மாவை முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்பினேன்.