மாசி பங்குனியில் பறவை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

மாசி பிறந்து பாலக்காட்டுக் காற்று தணிந்ததும் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துப் பறவை ஆர்வலர்களுக்குக் கை சும்மா இராது. "வசந்தத்தின் முதல் வரவு!" என்று நண்பர் ஒருவர் இந்த ஆண்டும் குயிலின் குரலைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். குரல் அருமை, செய்திதான் தவறு. குயில் எங்கிருந்தும் வரவில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் இங்கேதான் வாய் திறக்காமல் இருந்தது. காகம் கூடு கட்டும் பருவம் நெருங்கவே ஆண் குயில் கூவத் தொடங்கிவிட்டது. "வந்தது" என்று எழுதாமல் "கூவத் தொடங்கியது" என்று எழுதியிருந்தால் அது நல்ல குறிப்பு.

இந்தப் பிழை வெளிநாட்டு நூல்களிலிருந்து தொற்றியது. ஐரோப்பாவில் வசந்தம் என்றால் பறவைகள் ஊர் திரும்பும் காலம். நமக்கோ விருந்தாளிகள் மூட்டை கட்டும் காலம். சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவை நோக்கிக் கிளம்புகின்றன. ஆறுமணிக்குருவி வடக்கேயும் நடு இந்தியாவிலும் உள்ள காடுகளுக்குக் குஞ்சு பொரிக்கப் போகிறது. ஆகவே இந்த இரண்டு மாதங்களில் மதிப்புள்ளது, ஒரு பறவையைக் கடைசியாகப் பார்த்த நாள். வலசை வரும் பறவைகளைப் பதிவுசெய்ய 2007இல் இந்தியாவில் தொடங்கிய 'மைக்ரன்ட்வாட்ச்' திட்டம் முதலில் பார்த்த நாளோடு கடைசியாகப் பார்த்த நாளையும் கேட்டு வாங்கியது அதனால்தான்.

ஆனால் கடைசி நாள் அன்றைக்கே தெரிந்துவிடாது. அதன் பிறகும் பத்துப் பதினைந்து நாள் அதே தோப்புக்குப் போய், காணவில்லை என்று எழுதினால்தான் அது கடைசி நாள் ஆகும். பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் 'இ-பேர்ட்' செயலியில் பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால்தான் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல் ஆகிறது. காகத்தையும் மைனாவையும் யார் எழுதுவது என்று விட்டுவிட்டு ஆம் என்று அழுத்துகிறவர்கள் உண்டு. அன்று அந்த ஊரில் காகமே இல்லை என்று பதிவாகிவிடும்!

பெயர்க் குழப்பம் எல்லைக்காரர்களுக்கே உரிய வியாதி. மலையாளத்தில் கிளி என்பது எந்தச் சிறு பறவைக்கும் பொருந்தும். நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி. பக்கத்து வீட்டுச் சேச்சி "முருங்கையில் மஞ்ஞக்கிளி" என்று சொல்ல, நான் மஞ்சள் நிறக் கிளியைத் தேடி அரைக் காலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன். அவர் சொன்னது மாங்குயிலை. சிரிக்க வேண்டாம், மாங்குயிலும் குயில் இல்லை. மேலும், வெறும் மாங்குயில் என்று எழுதினால் போதாது. தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது கருந்தலை மாங்குயில்; மலையாளத்தில் மஞ்ஞக்கறுப்பன். ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருந்தால் அது பனிக்கால விருந்தாளி. அடைமொழியை விட்டால் போகிறவனும் இருப்பவனும் ஒன்றாகிவிடுவார்கள். வாலாட்டியிலும் இதே கதைதான். வெண்புருவ வாலாட்டி உள்ளூர்க்காரன்; கருஞ்சாம்பல் வாலாட்டி கோடையில் இமயமலைப் பக்கம் போய்விடும்.

பழைய படத்தை இன்று அனுப்பும்போது எடுத்த தேதியைச் சொல்லிவிடுங்கள். "பரம்பிக்குளம் போகும் வழி" என்பது இடம் ஆகாது.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மெர்லின்' செயலி நல்ல துணைதான், ஆனால் சாட்சி ஆகாது. நெல்லியாம்பதியில் அது அடுத்தடுத்து நான்கு பெயர்களைக் காட்டியது. மரத்தில் இருந்தது ஒரே ஒரு துடுப்புவால் கரிச்சான். பிற பறவைகளின் குரலைத் திருடுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

இருவாச்சிக் கூட்டின் இடத்தைப் பகிர்வதை மட்டும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன், குற்றம் என்பேன். மலைக்காடுகளில் இருவாச்சிகள் கூட்டில் அடைந்திருக்கும் பருவம் இது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்து, ஒரு கீற்றளவு இடைவெளி மட்டும் விட்டுக்கொண்டு முட்டையோடு இருக்கும். ஆண் கொண்டுவரும் பழந்தான் சாப்பாடு. மரத்தடியில் கேமராவோடு ஐந்து பேர் நின்றால் ஆண் தொலைவிலேயே காத்துக் கிடக்கும், உள்ளே பட்டினி. கேரளத்தின் மாநிலப் பறவை என்று பெருமை பேசுகிறவர்களே இடத்தையும் அனுப்பிவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு என் நோட்டில் ஆறுமணிக்குருவிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். மாலை ஆறு மணிவாக்கில் தென்னந்தோப்பில் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் 'உண்டு', கேட்காவிட்டால் 'இல்லை'. விஷுவுக்கு முன் தொடர்ந்து மூன்று நாள் 'இல்லை'. போய்விட்டது என்று எல்லோருக்கும் அறிவித்தேன். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து இரண்டு தத்துத் தத்தி நின்றது. அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 'உண்டு' என்று எழுதினேன். அதற்குக் கீழே பதினான்கு 'இல்லை' இருக்கிறது.