யாளி ஓவியத்தைப் பிளாஸ்டிக் இல்லாமல் அச்சிட்டு அனுப்புவது எப்படி

கற்பனை உயிரினங்களை வரைபவர்களுக்கு வடசென்னையில் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டுக்கு விடியற்காலையில் போனால் திருக்கையின் செட்டையையும் சுறாவின் செவுள் கீறல்களையும் கணவாயின் கண்ணையும் கையெட்டும் தூரத்தில் பார்த்து வரையலாம். எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி வேர்கள் இருக்கின்றன. கோயில் தூணில் நிற்கும் யாளியும், சிங்க உடலில் யானைத் துதிக்கை என்று, கண்ணால் கண்ட உறுப்புகளைச் சேர்த்துப் பிறந்ததுதான். எலும்பை ஒரு விலங்கிலிருந்து எடுங்கள், தோலை இன்னொன்றிலிருந்து, நடையை மூன்றாவதிலிருந்து. பெரும்பாலான படங்கள் கெடுவது மூட்டில்தான். இறக்கை முளைக்கும் இடத்தில் தோள் தசை இல்லாவிட்டால் அது ஒட்டவைத்ததுபோலவே தெரியும்.

இப்படி இந்தக் கரையிலிருந்து எடுத்த உருவத்தை அச்சிட்டு விற்கும்போது, அதன் கழிவு கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் போய்ச் சேரக் கூடாது. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: எந்தப் பொருளை வாங்கும் முன்பும், பழைய பேப்பர் கடைக்காரர் இதை எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்த தாள், ஜிகினாத் தாள் எல்லாம் அங்கேயே தோற்றுவிடும்.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள். டிஜிட்டல் பிரஸ்களில் வழக்கமான தாள் 12×18 இன்ச். ஓவியத்தை 8×11 இன்ச்சாக வைத்துக்கொண்டால் ஒரு தாளில் இரண்டு படங்கள் அடங்கும். பக்கத்தில் மிஞ்சும் பட்டையில் 1.5 இன்ச் அகலமும் 5.5 இன்ச் நீளமும் உள்ள புத்தகக்குறிகள் இரண்டு கிடைக்கும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு வடிவமைத்தால் வெட்டும்போது பிசகினாலும் தெரியாது. 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி, என்ற கணக்கில் கோப்பு 2400×3300 பிக்சல் இருக்க வேண்டும். சிறிய கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் செதில்கள் மங்கிவிடும்.

நிறம்தான் அதிகம் ஏமாற்றும். திரையில் ஒளிரும் ஊதாவும் மயில் நீலமும், அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாறியதும் சோர்ந்துவிடும். முழுப் படத்தையும் அச்சிட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஓவியத்திலும் மிக இருண்ட பகுதியையும் மிகப் பளிச்சிடும் பகுதியையும் 2 இன்ச் பட்டைகளாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கிச் சோதியுங்கள். பூச்சில்லாத காகிதம் மையை உறிஞ்சும். இரவுக் காட்சிகளில் நிழல் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். ஒவ்வொரு மையும் அதிகபட்சம் 100 சதவீதம் என்ற கணக்கில், நான்கு மைகளின் கூட்டு 280 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, நிழல்களை முன்கூட்டியே கொஞ்சம் வெளுக்க விடுங்கள்.

காகிதத்துக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவை விட நல்ல இடம் இல்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), பூச்சில்லாதது, வெண்மையைக் கூட்டும் ஒளிர்ப்பான் ரசாயனம் சேர்க்காதது என்று கேளுங்கள். ஒளிர்ப்பான் சேர்த்த பளீர் வெள்ளை, வெளிச்சம் பட்டுச் சில வருடங்களில் மஞ்சளாகும். கையால் செய்த பருத்திக் காகிதம் அழகாக இருந்தாலும், மேடுபள்ளத்தில் லேசர் அச்சின் டோனர் பொடி சரியாகப் பிடிக்காமல் உதிரும். அதற்குப் பிக்மென்ட் மை (கரையாத நிறமித் துகள் கொண்ட மை) இங்க்ஜெட் சரிப்படும். பில்லுக்கும் குறிப்புச் சீட்டுக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிஎன்பிஎல்லின் காகிதம் போதும். அதன் காகிதபுரத்து ஆலை முக்கியமாகக் கரும்புச் சக்கையில் செய்வது. காகிதக் கட்டில் எஃப்எஸ்சி (பொறுப்பான வனப் பராமரிப்புச் சான்று) முத்திரை இருக்கிறது என்பதற்காக அதை உங்கள் ஓவியத்தின் பின்னால் அச்சிடாதீர்கள். அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

கடல் காற்றில் ஈரம் அதிகம். ஏசி அறையில் ஓடும் பிரஸ்ஸுக்குக் காகிதத்தை முந்தைய நாளே கட்டுப் பிரிக்காமல் கொடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் அச்சான தாள் சுருளும். பிக்மென்ட் மையில் அச்சிட்டதை 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48 மணி நேரம், விரித்து ஆறவைத்த பிறகே உறையிடுங்கள். அவசரப்பட்டால் மையிலிருந்து ஆவி வெளிவந்து உறையில் படியும்.

பிளாஸ்டிக் கவருக்குப் பதில் கிளாசின் பேப்பர், அதாவது வழவழப்பான, பாதி ஒளி ஊடுருவும் காகிதம். மக்கும் என்று எழுதிய கவர்களை நம்பி வாங்க வேண்டாம். பலவும் தொழிற்சாலை உரக்குழியின் சூட்டில் மட்டுமே மக்கும். கிளாசினில் சுற்றிய ஓவியத்தை 10×13 இன்ச் தடித்த தாளில் வைத்து, நான்கு மூலைகளும் செருகும்படி 2 செ.மீ. நீளத்தில் குறுக்குக் கீறல்கள் போடுங்கள். பசையே வேண்டியதில்லை. கீறல்களில் 2 மி.மீ. தளர்ச்சி இருக்கட்டும், ஈரத்தில் காகிதம் விரியும், இறுக்கமாக இருந்தால் நடுவில் புடைக்கும்.

இதன் முன்னும் பின்னும் அதே அளவில் அட்டைப்பெட்டித் துண்டு ஒவ்வொன்று. ஓர் அட்டையின் நெளிவரிகள் நெடுக்காக ஓடினால் மற்றதன் வரிகள் குறுக்காக ஓட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பார்சல் அந்த வரியிலேயே மடங்கும், ஓவியமும் சேர்ந்து மடங்கும். வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றை இது ஒன்றே தீர்த்துவிடும். சௌகார்பேட்டைக் கடைகளின் பழைய பெட்டிகளே போதும். எண்ணெய்க் கறை, கரப்பான் முட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள்.

வெளியே பிரவுன் பேப்பர் இரண்டு சுற்று. ஒட்டுவதற்குத் தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித கம் டேப். ஸ்பாஞ்சால் ஒரே இழுப்பாக நனையுங்கள். தண்ணீர் மிகுந்தால் பசை வழிந்து போகும், குறைந்தால் ஓரம் எழும்பும். ஒட்டியதும் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். டேப் சுருளை மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மடிப்பு ஓரங்கள் அனைத்தையும் டேப்பால் மூடுங்கள், நீர் நுழைவது அங்கேதான். முகவரியை லேசர் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள், அல்லது பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். பல ஜெல் பேனாக்களின் மையும் சாதாரண இங்க்ஜெட் மையும் ஒரு தூறலிலேயே கரைந்துவிடும்.